ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கொக்கி: ஸ்நாப்-ஃபிட் இணைப்புகளின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிறிய மின்னணுக் கருவிகளின் பிளாஸ்டிக் உறைகளில் ஸ்க்ரூக்களைக் குறைத்து, அழுத்தும்போது வளைந்து, உள்ளே போனதும் தானாக மாட்டிக்கொள்ளும் ஸ்நாப்-ஃபிட் கொக்கிகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பொருத்தும் வேகம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூடியை வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. அந்தக் கொக்கி அதன்பின் எத்தனை காலம் தாங்கும் என்பதில்தான் வடிவமைப்பின் தரம் தெரியும்.

உடைந்து திரும்பி வரும் கொக்கிகளில் பெரும்பாலானவை நுனியில் அல்ல, சுவரோடு சேரும் அடியில்தான் விரிசல் விட்டிருக்கும். சீரான தடிமன் கொண்ட கொக்கிக் கையின் (நுனியைத் தாங்கி வளையும் பட்டையின்) அடியில் உண்டாகும் திரிபை, அதாவது பிளாஸ்டிக் தன் அளவில் எத்தனை பங்கு நீள்கிறது என்பதைக் கணக்கிட, தடிமனையும் வளைவையும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஒன்றரையால் பெருக்க வேண்டும். 2 மி.மீ. தடிமனும் 10 மி.மீ. நீளமும் உள்ள கை 1 மி.மீ. வளைந்தால் திரிபு 3 சதவீதம். நீளத்தை 20 மி.மீ. ஆக்கினால் அதுவே 0.75 சதவீதமாக இறங்கிவிடும். ஆகவே இடம் இருக்கும்வரை நீளத்தைக் கூட்டுவதே என் முதல் தேர்வு. இடமில்லாதபோது தடிமனை நுனியில் பாதியாகும்படி படிப்படியாகக் குறைப்பதும், அடி மூலையைக் கூராக விடாமல் தடிமனில் பாதியளவாவது ஆரம் கொடுத்து வளைப்பதும் நல்ல பலன் தந்துள்ளன. அடிக்கடி திறக்கும் மூடிகளுக்கு, ஒருமுறைப் பொருத்தத்துக்கு அனுமதிக்கும் திரிபில் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

நைலான் சற்று வேடிக்கையானது. அச்சிலிருந்து வந்த புதிதில் உலர்ந்து விறைப்பாக இருக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகுதான் நன்றாக வளைந்துகொடுக்கும். அதனால் முதல் பொருத்தமே அதற்குக் கடினமான சோதனையாகிவிடுகிறது.

மாதக்கணக்கில் கழித்தே தெரியவரும் குறை, பிடிப்புத் தளர்வு. பூட்டிய பின்பும் கை வளைந்தே நின்றால், பிளாஸ்டிக் மெல்லத் தளர்ந்து மூடி ஆடத் தொடங்கும். ஆட்டத்தை நீக்கக் கொக்கியை இறுக்குவது தவறான வழி என்பேன். மூடியை ஆடாமல் இடத்தில் நிறுத்துவதை உறையிலுள்ள முளைகளிடமும் விலாக்களிடமும் (மேடான வரம்புகளிடமும்) விட்டு, கொக்கியைப் பூட்டு வேலைக்கு மட்டும் வைத்தால், அது சுமையின்றி நேராக நிற்கும்.

கொக்கி நுனியின் நுழையும் பக்கச் சரிவு 25 முதல் 30 பாகை வரை இருந்தால் விரல் வலிக்காமல் பொருத்தலாம். பின்பக்கம் 90 பாகையானால் வெறும் இழுப்புக்கு மூடி வராது. 45 பாகை அளவில் வைத்தால் இழுத்துத் திறக்கலாம். பழுதுபார்க்க வேண்டிய கருவியில் கொக்கியை விடுவிக்க ஒரு துளைகூட விடாமல் 90 பாகை வைப்பதை நான் ஏற்பதில்லை.

நீர் புகாதபடி ரப்பர் வளையத்தை எந்நேரமும் அழுத்திப் பிடிக்க வேண்டிய உறைகளுக்கு மட்டும் இன்றும் ஸ்க்ரூவையே போடுகிறேன்.