பாண்டிச்சேரியில் சனிக்கிழமை இரவு: எந்த வீதியில் அறை எடுப்பது?

வார இறுதிக்குப் பாண்டிச்சேரி போக நினைப்பவர்கள் ஹோட்டலின் படங்களையும் நட்சத்திரங்களையும் பார்த்து அறை எடுக்கிறார்கள். இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது வீதி, அடுத்து மாடி, அதற்கடுத்து ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பது. பழைய நகரம் மொத்தமே பொழுதோடு நடந்து முடித்துவிடக்கூடிய அளவுதான். ஆனாலும் நான்கு வீதி தள்ளிப் படுத்தால் இரவு முற்றிலும் வேறு மாதிரி இருக்கும். ஐந்து நட்சத்திர வசதி இருந்தும் தூக்கம் கெட்டுத் திரும்புகிறவர்களும், எளிய விடுதியில் தங்கி மகிழ்ச்சியாகத் திரும்புகிறவர்களும் இங்கே உண்டு. காரணம் பெரும்பாலும் வீதிதான்.

கடற்கரைச் சாலையிலிருந்து தொடங்கலாம். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை இந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இதுதான் பாண்டியின் பெரிய வரம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கல்தூண்கள், 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேக்ஸின் சிலை என எல்லாவற்றையும் ஹாரன் சத்தம் இல்லாமல் நடந்தே பார்க்கலாம். ஆனால் அங்கே அறை எடுத்தவர்களுக்கு இதே விதி ஒரு வேலை வைக்கிறது. ஆறு மணிக்கு மேல் காரில் வந்தால் ஹோட்டல் வாசலுக்குப் போக முடியாது. கிளம்பும் முன்பே வரவேற்பு மேசையை அழைத்து, பின்பக்க வீதி வழியாக நுழைவு இருக்கிறதா, பெட்டிகளை எங்கே இறக்குவது, வண்டியை எங்கே விடுவது என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஒயிட் டவுன் எனப்படும் கடலோரப் பிரெஞ்சுப் பகுதியில் பல விடுதிகளுக்குச் சொந்த நிறுத்துமிடம் கிடையாது. வார இறுதியில் வீதியோரம் இடம் கிடைப்பது அரிது, தடை உள்ள வீதியில் விட்டால் அபராதம் வரும்.

சாலையில் வண்டி இல்லை என்பதால் இரவு அமைதியாகிவிடாது. சனிக்கிழமை இரவு பதினொன்று தாண்டியும் மக்கள் கூட்டம் இருக்கும். காலை ஐந்து மணிக்கே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். கடல் கிழக்கே இருப்பதால் கடல் பார்த்த அறைக்குள் வெயிலும் சீக்கிரம் நுழையும். ஜூனில் ஐந்தே முக்காலுக்குள், ஜனவரியில் ஆறரை வாக்கில் சூரியன் எழும். தடித்த திரை இருக்கிறதா என்று கேட்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் ஞாயிறு தூக்கத்தைக் காப்பாற்றுவது அதுதான். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் அதிகப் பணம் கொடுத்து அறை எடுக்காதீர்கள். இது கிழக்குக் கரை.

'ஸீ வியூ' என்ற சொல்லை நம்பி மட்டும் பணம் கட்டக் கூடாது. படுக்கையிலிருந்தே கடல் தெரியும் அறையும் உண்டு, பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் தெரியும் அறையும் உண்டு. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர் வைத்து விற்கிறார்கள். அறை எண், மாடி, ஜன்னலுக்கு முன்னால் மரமோ கட்டடமோ இருக்கிறதா என்று கேட்டு, அந்த அறையின் படத்தையே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கடலோர அறைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. உப்புக் காற்று ஏசியின் வெளி யூனிட்டில் உள்ள அலுமினியத் தகடுகளை அரிப்பதால் குளிர்ச்சி குறையும், சத்தம் கூடும். ஏசி எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை. அறைக்குள் போனதும் முதலில் ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன் அறை மாற்றுவது எளிது.

இந்தச் சாலையில் தி ப்ராமனேட் ஹோட்டல் கொண்டாட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பொருத்தமானது. கடல் எதிரே, மொட்டைமாடியில் உணவகம், இறங்கினால் நடைபாதை. இங்கே கடல் பக்கம் அல்லாத அறை எடுப்பதானால் அந்த விலைக்கு ஊருக்குள் நல்ல பழைய வீடு ஒன்றே கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கடற்கரைச் சாலைக்குக் கொடுக்கும் பணம் ஜன்னலுக்கான பணம்.

அதே சாலையின் தெற்கு முனையில் இருக்கும் அரவிந்தர் ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸ் இதற்கு நேர் எதிர். அறைகள் எளிமையானவை. பால்கனிக்கு முன்னே தோட்டம், அதற்கப்பால் கடல். இந்த விலைக்கு இப்படி ஒரு பார்வை ஊரில் வேறெங்கும் இல்லை. மதுவும் புகையும் கூடாது, இரவில் வாயில் பூட்டப்படும். வெளியே இரவு உணவு, இசை, பார் என்று திட்டம் இருந்தால் இந்த இடம் உங்களுக்கல்ல. பெற்றோருடன் வருகிறவர்களுக்கும் விடியற்காலையை விரும்புகிறவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் சொல்ல முடியாது. பயண இணையதளங்களில் தேடி நேரத்தை வீணாக்காமல் விடுதியையே நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய ஆசிரமத்தின் தரிசன நாட்களையொட்டி அன்பர்கள் வெளியூர்களிலிருந்து வருவதால் அறை கிடைப்பது மிகக் கடினம்.

கடலிலிருந்து இரண்டு மூன்று வீதி உள்ளே வந்தால் விடுதிகளான பழைய பிரெஞ்சு வீடுகளும் அதே பாணியில் அமைந்த விடுதிகளும். சுய்ஃப்ரேன் வீதியில் வில்லா சாந்தி, புஸ்ஸி வீதியில் பலே தெ மாஹே ஆகியவை இந்த வகை. அறைகள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் பணியாளர்களின் கவனம் அதிகம். வில்லா சாந்தியின் முற்றமே உணவகம், வெளியாரும் வந்து சாப்பிடுவார்கள். முற்றத்தைப் பார்த்த அறை எடுத்தால் இரவுச் சாப்பாடு முடியும்வரை பேச்சுச் சத்தமும் பாத்திரச் சத்தமும் மேலே வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த முற்றத்தில் ஒலி வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறும். ஒன்பது மணிக்கே குழந்தையைத் தூங்க வைப்பவர்கள் வீதிப் பக்க அறையோ பின்பக்க அறையோ கேளுங்கள். பலே தெ மாஹேயில் அறைகள் நீச்சல் குளத்தைச் சூழ்ந்திருக்கின்றன. மே மாதத்தில் அது பெரிய ஆறுதல், ஆனால் தரைத்தள அறைக்குத் தனிமை குறைவு. மாடி கேளுங்கள்.

பழைய வீடு என்றால் அதன் இயல்பையும் ஏற்க வேண்டும். தடித்த சுண்ணாம்புச் சுவர் வெயிலைத் தடுக்கும், ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் தரைத்தள அறைகளில் பூஞ்சை வாடை வருவதும், மரக்கதவு உப்பி மூட மறுப்பதும் இதனால்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் தரைத்தளத்தைத் தவிர்ப்பது நல்லது. பல வீடுகளில் லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர் உடன் வந்தால் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஒரே விடுதியில் ஒரே வாடகைக்குக் கிடைக்கும் இரண்டு அறைகளின் அளவு ஒன்றாக இருக்காது. இங்கும் அறையின் படம் கேட்பதுதான் வழி.

பழைய நகரத்தை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. இது வருத்தமான விஷயம். திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று நம் வீட்டமைப்பை அருமையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் வீதிகள் இங்கேதான் இருக்கின்றன. பெருமாள் கோயில் வீதியில் உள்ள மெசோன் பெருமாள் விடுதி அப்படி ஒரு பழைய வீடு. இங்கிருந்து கடற்கரைக்கு நிதானமாக நடந்தால் கால் மணி நேரம் ஆகலாம். கடைகளும் மெஸ்களும் அருகில். காலையில் கோயில் ஒலிபெருக்கி கேட்கலாம், மார்கழியில் கட்டாயம் கேட்கும். காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டை ஒட்டி அறை எடுத்தவர்கள் அன்று காரை வெளியே எடுப்பது சிரமம், சனிக்கிழமை இரவே வேறு இடத்தில் விட்டுவிடுங்கள்.

இனி ஊருக்கு வெளியே உள்ள ரிசார்ட்டுகள். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: ஊருக்குள் இருக்கும் கடற்கரை பாறைக் கரை, குளிப்பதற்கானது அல்ல. 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத் தடுப்புச் சுவர் வந்தபின், வடக்கு நோக்கி நகர்ந்த மணல் அங்கேயே தேங்கியது, வடக்கே கரை அரித்தது, கல் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் கடலுக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டால் காந்தி சிலைப் பக்கம் மணல் மீண்டும் சேர்ந்திருக்கிறது. அந்த மணலைப் பார்த்துக் கடலில் இறங்காதீர்கள். நீரோட்டம் இழுக்கும், உயிர்கள் போயிருக்கின்றன.

கால் நனைக்கவும் குழந்தைகள் மணலில் விளையாடவும் வேண்டுமென்றால் தெற்கே சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரை நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்றது. சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து பாரடைஸ் கடற்கரைக்கு ஞாயிறு பதினொரு மணிக்குப் போனால் வரிசையிலேயே பொழுது போய்விடும், காலையில் முதல் படகுகளுக்குப் போங்கள். வடக்கே தந்திராயன்குப்பத்தின் செரினிட்டி கடற்கரை அலைச்சறுக்குக் கற்கிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் முகவரியைக் கவனியுங்கள். 'பாண்டிச்சேரி' என்று விளம்பரம் செய்யும் பல ரிசார்ட்டுகள் கோட்டக்குப்பம், ஆரோவில் பக்கம், அதாவது தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. மது விதிகளும் விலையும் அங்கே தமிழ்நாட்டுக்குரியவை. சனிக்கிழமை மாலை கோட்டக்குப்பம் வழியாக ஊருக்குள் வர நெரிசலில் நிற்க வேண்டியிருக்கும், இரவு திரும்ப ஆட்டோக்காரர் கேட்கும் தொகையும் கூடுதல். பகலெல்லாம் மணலில் இருக்கப்போகிறவர்களுக்கு ரிசார்ட், மாலையை வீதிகளில் கழிக்கப்போகிறவர்களுக்கு ஊருக்குள் அறை. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம்.

வாடகையில் வரிக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறைக்கு வரியோடு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் பில்லில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறாகிவிடுகிறது. எல்லைக்கு அருகில் விலை இருந்தால், காலை உணவு சேர்க்காத வாடகையைக் கேட்டுப் பாருங்கள். உணவு சேர்ந்ததால்தான் எல்லை தாண்டுகிறது என்றால், உணவில்லாத அறையை எடுத்து வெளியே சாப்பிடுவது லாபம், இந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. மிஷன் வீதி சற்குருவில் இட்லி பொங்கல், புஸ்ஸி வீதி பேக்கர் ஸ்ட்ரீட்டில் குரோசான், நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் காபி. உணவக பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை.

நாளைப் பொறுத்தவரை, வெள்ளி இரவே போய்ச் சேர்வது சனி காலை கிளம்புவதைவிட மேல். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். வழக்கமாக மூன்றரை மணி நேரப் பயணம், சனிக்கிழமை அது மாமல்லபுரம் பக்கம் கூட்டத்திலும் அதற்குத் தெற்கே சாலை விரிவாக்கப் பணியிலும் நீளும். மதியத்துக்கு மேல் அறைக்குள் நுழைந்து, ஞாயிறு காலை காலி செய்தால் முழு வாடகைக்கு முழுதாக ஒரு நாள்கூடக் கிடைக்காது. திங்கள் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் ஞாயிறு இரவு தங்குங்கள். பெரும்பாலான விடுதிகளில் அன்று வாடகை குறையும், கடற்கரை உங்கள் வசம் இருக்கும். அருங்காட்சியகம் மட்டும் திங்கள் விடுமுறை. ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்ளறைக்குப் போக விரும்பினால் முன்பதிவு வேண்டும், அன்றே போய் அன்றே நுழைய முடியாது.

புத்தாண்டு இரவு வேறு கணக்கு. ஒயிட் டவுனுக்குள் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும், விருந்தினருக்கு அனுமதிச் சீட்டு உண்டா என்று விடுதியில் உறுதி செய்யுங்கள். நவம்பர், டிசம்பரில் பணம் திரும்பக் கிடைக்காத மலிவு வாடகையை எடுக்கவே எடுக்காதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் இந்த ஊரருகேதான் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி வீதிகளெல்லாம் மூழ்கின.

அடையாள அட்டை எல்லாருக்கும் தேவை, குழந்தைகளுக்கும் எடுத்துச் செல்லுங்கள். சில விடுதிகள் உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை தருவதில்லை, சில திருமணமாகாத இணையருக்குத் தருவதில்லை, பணம் கட்டும் முன்பே கேட்டுவிட்டால் வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டில் வருகிற சொந்தங்கள் உடன் இருந்தால், வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை விடுதி 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். சின்ன ஹோம்ஸ்டே பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை, வாசல்வரை வந்தபின் மறுப்பார்கள். கடவுச்சீட்டும் விசாவும் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது பாண்டி மதுவை வண்டியில் வைத்து எல்லை தாண்டாதீர்கள், தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் வழக்கு வரும். ஞாயிறு மாலை நான்கு முதல் எட்டு வரை சென்னை நோக்கிக் கிளம்புவது வீண் பாடு. காலையில் அறையைக் காலி செய்து, பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்து, மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரைக்குள் கிளம்புங்கள். அது முடியாவிட்டால் கடற்கரைச் சாலையிலேயே இருந்து, இரவு ஒன்பதுக்கு மேல் வண்டியை எடுங்கள்.