ஒரே நாள் இருந்தால் எங்கே போவது? டிஸ்னிலாண்டும் நாட்ஸ் பெர்ரி ஃபார்மும்

தெற்கு கலிஃபோர்னியாவுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் டிஸ்னிலாண்டுக்குச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி பியூனா பார்க்கில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற கேளிக்கைப் பூங்காவை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்த ஒப்பீடு.

டிஸ்னிலாண்டின் கதை பலருக்கும் தெரிந்தது. அனாஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, 1954 ஜூலையில் வேலையைத் தொடங்கி, 1955 ஜூலை 17 அன்று திறந்துவிட்டார் வால்ட் டிஸ்னி. சரியாக ஒரே வருடம். செலவு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். திறப்பு நாளன்று புதிதாகப் போட்ட தார் இறுகவே இல்லை, பெண்களின் ஹீல்ஸ் அதில் புதைந்தது.

நாட்ஸுக்கு அப்படி ஒரு திட்டமே கிடையாது. வால்டர் நாட் ஒரு விவசாயி. 1920-ல் மனைவி கார்டீலியாவோடு பியூனா பார்க்குக்கு வந்து, குத்தகை நிலத்தில் பெர்ரி பயிரிட்டு, சாலையோரக் கடையில் விற்றார். ருடால்ஃப் பாய்சன் என்பவர் உருவாக்கிக் கைவிட்டிருந்த ஒரு கலப்பினப் பெர்ரிச் செடி, பட்டுப்போகும் நிலையில் அவர் கைக்கு வந்தது. அதைத் தேற்றிப் பெருக்கி, பாய்சன்பெர்ரி என்று பெயர் வைத்து விற்றார். அது பொருளாதார மந்தக் காலம். 1934-ல் ஒரு நாள், கார்டீலியா தன் கல்யாணப் பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, எட்டுப் பேருக்குப் பொரித்த கோழிச் சாப்பாடு போட்டார். ஒரு சாப்பாடு 65 சென்ட். சில வருடங்களில் அந்தச் சாப்பாட்டுக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று 1940-ல் வால்டர் கட்டத் தொடங்கியதுதான் ‘கோஸ்ட் டவுன்’. மேற்கு அமெரிக்காவில் சுரங்கம் வற்றியதும் ஆள் இல்லாமல் போன ஊர்களின் மாதிரி அது. வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்ததே 1968-ல்தான்.

இந்தப் பிறப்பு வித்தியாசம் உள்ளே நடக்கும்போது நன்றாகத் தெரியும். டிஸ்னிலாண்டின் மெயின் ஸ்ட்ரீட்டில் மேல்மாடிகளைச் சிறிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதனால் கட்டடம் உயரமாகத் தோன்றும். 77 அடிக் கோட்டையும் அதே உத்தியில்தான் வானளவு நிற்கிறது. சுற்றிலும் மண்மேடு எழுப்பியிருப்பதால் வெளியுலகின் நினைப்பே வராது. கற்பனையை இவ்வளவு கச்சிதமாகக் கட்டியவர்கள் வேறு யாரும் இல்லை என்றே நினைக்கிறேன்.

கோஸ்ட் டவுனிலோ சில கட்டடங்கள் நிஜமாகவே பழையவை. ஒரு ஹோட்டல் அரிசோனாவின் பிரெஸ்காட்டிலிருந்து வந்தது, பள்ளிக்கூடம் கான்ஸஸிலிருந்து வந்தது. ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள்: டிஸ்னிலாண்டின் முதல் இரண்டு இன்ஜின்களும் பூங்காவுக்காகவே புதிதாகச் செய்தவை. நாட்ஸில் 1952 முதல் ஓடுவது, 1881-ல் செய்து கொலராடோ மலைகளில் உழைத்த நீராவி இன்ஜின். வழியில் முகமூடிக் கொள்ளையர்கள் ஏறி மிரட்டுவார்கள், குழந்தைகள் கிறீச்சிடுவார்கள். அந்தப் பழைய மரப்பெட்டியில் உட்காரும் சுகமே தனி.

ஆனால் கச்சிதம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2004-ல் வந்த ‘சில்வர் புல்லட்’ ரோலர் கோஸ்டர் அந்தப் பழைய ஊரின் தலைக்கு மேலேயே பாய்கிறது. 1969-ல் திறந்த ஃபியஸ்டா வில்லேஜ், கடற்கரை நடைபாதைப் பகுதி எல்லாம் பார்த்துக்கொண்டே கடந்துவிடலாம்.

ரைடுகளில் வேகம் வேண்டும் என்றால் நாட்ஸ்தான். 1998-ல் வந்த ‘கோஸ்ட்ரைடர்’ மரக் கோஸ்டரில் ஒருமுறை ஏறியவர்கள் மறுபடி வரிசைக்கு ஓடுவார்கள். 1960-ன் காலிகோ சுரங்க ரயிலும், 1969-ன் மரக்கட்டைப் படகுச் சவாரியும் வயதானவர்களும் ரசிக்கக்கூடியவை. கதைக்குள் நுழைந்த உணர்வு வேண்டும் என்றால் டிஸ்னிலாண்ட்: 1967-ன் ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’, 2019-ல் திறந்த ‘ஸ்டார் வார்ஸ்’ பகுதி. இவற்றுக்கு ஈடு நாட்ஸில் இல்லை.

மிக்கி மவுஸைக் கட்டிக்கொள்ள ஏங்கும் குழந்தை வீட்டில் இருந்தால் மறுபேச்சே வேண்டாம், டிஸ்னிலாண்டுக்குப் போங்கள். ஸ்னூப்பி என்ற கார்ட்டூன் நாயின் பெயரில் நாட்ஸில் உள்ள ‘கேம்ப் ஸ்னூப்பி’ 1983 முதல் இருக்கும் நல்ல நிழலான இடம்தான், ஆனாலும் அந்த ஏக்கத்தை அது தீர்க்காது. தாத்தா பாட்டியோடு வந்தாலும், பதின்வயதுப் பிள்ளைகளோடு வந்தாலும் நான் நாட்ஸைத்தான் சொல்வேன். டிஸ்னிலாண்ட் சீட்டு ஒருவருக்கு 100 டாலரைத் தாண்டும். நாட்ஸ் அதைவிடக் கணிசமாகக் குறைவு. நடையும் குறைவு.

டிஸ்னிலாண்டுக்கே சீட்டு எடுத்துவிட்டீர்களா? பரவாயில்லை. கார்டீலியாவின் கோழிச் சாப்பாட்டு உணவகம் நாட்ஸ் வாயிலுக்கு வெளியேதான் இருக்கிறது, உள்ளே போக நுழைவுச் சீட்டு தேவையில்லை. ஒரு மாலை போய்ச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் பாய்சன்பெர்ரி ‘பை’ (பழம் பொதிந்து சுட்ட பண்டம்) ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.