பௌலிங் பந்தின் மெருகை மாற்றுவதாகச் சொல்லி 18,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். நான் சொல்வது கிரிக்கெட் பந்தை அல்ல, நீண்ட தளத்தில் உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் கனமான பந்தை. மலையகத்தில் சொந்தமாக அப்படி ஒரு பந்து வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். கட்டாரிலோ துபாயிலோ வேலை செய்தபோது விளையாடிப் பழகி, பந்தோடு ஊர் திரும்பிய என்னைப் போன்றவர்கள். அவர்களாவது தப்பிக்கட்டும்.

என்னுடையது ரியாக்டிவ் ரெசின் பந்து, அதாவது தளத்தைப் பிடித்து வளையும்படி செய்த பிசின் மேற்பரப்பு கொண்டது. கொழும்பில் ஆடும்போது தளத்தில் பூசியிருக்கும் எண்ணெயில் வழுக்கிக்கொண்டே போனது. வளைய வேண்டிய இடத்தில் வளையவில்லை. பளபளப்பை நீக்கி 2000 கிரிட் (தேய்ப்புப் பட்டையின் நுண்மையைக் குறிக்கும் எண், கூடக்கூட நுண்மை கூடும்) அளவுக்கு மங்கலாக்கினால் எண்ணெயிலும் பிடி கிடைக்கும், முன்னதாகவே வளையும். முறையாகச் செய்பவர்கள் பந்தைச் சுழலும் இயந்திரத்தில் வைத்து, தண்ணீர் தெளித்து, 500, 1000, 2000 என்று படிப்படியாகத் தேய்ப்பார்கள். ஒவ்வொரு படியிலும் பந்தைத் திருப்பி எல்லாப் பக்கத்தையும் சமமாகத் தேய்க்க வேண்டும்.

விளையாட்டுப் பொருள்களை விற்று, பழுதும் பார்க்கும் கடை அது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். முதலாளி அதை இரு கைகளாலும் வாங்கி, விரல் துளைகளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "2000 வேண்டுமென்றால் 500இல் தொடங்கித்தான் ஏற வேண்டும் தம்பி" என்று, நான் சொல்வதற்கு முன்பே சொன்னார். சாம்பல் நிறத் தேய்ப்புப் பட்டைகளையும் எடுத்துக் காட்டினார். இந்த வேலை தெரிந்த ஒருவர் நம் மலையிலேயே இருக்கிறாரே என்று மனம் குளிர்ந்துவிட்டது. 18,500 ரூபாயையும் முன்பணமாகக் கேட்டார், கொடுத்தேன். பில் கேட்டபோது, "புத்தகம் முடிந்துவிட்டது, பந்தை எடுக்க வரும்போது தருகிறேன்" என்றார்.

கைக்கு வந்த பந்து முன்பைவிடப் பளபளக்கிறது! தின்னர் வாடை வீசுகிறது. கட்டைவிரல் துளைக்கு அருகே தட்டையாகத் தேய்ந்து, சீமெந்துத் தரையில் உருட்டினால் தத்துகிறது. கராஜில் வேலை செய்யும் நண்பன் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டான், இது வாகனத்துக்குப் போடும் மெருகு என்று. 1973இல் டொன் மெக்கியூன் என்ற அமெரிக்க வீரர் பந்தைக் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கி ஆடிய பிறகுதான், பந்தின் கடினத்தன்மைக்கே விதி கொண்டுவந்தார்கள். தின்னரும் அப்படிப்பட்ட கரைப்பான்தான், அதை என் பந்தின் மேல் ஊற்றியிருக்கிறார்கள்.

தொலைபேசியில் அழைத்தேன். "முதலாளி கண்டிக்குப் போயிருக்கிறார் அண்ணே." மறுபடி அழைத்தேன். "சாப்பிடுகிறார் அண்ணே." நேரில் போய் நின்றால், "உங்கள் பந்து பழையது, அதற்கு நாங்கள் என்ன செய்வது?" அன்று பந்தைத் தடவிப் பார்த்த அதே மனிதர், முகத்தை நிமிர்த்தாமலே சொல்கிறார். பில் எங்கே என்றேன். அதற்குப் பதிலே இல்லை. 18,500 ரூபாய்! கொழுந்து பறிக்கும் என் அம்மா எத்தனை முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) வாங்கினால் அந்தத் தொகை சேரும்?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். சுழலும் இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பந்தை விட்டுவராதீர்கள். கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பில் தருவது கடைக்காரரின் சட்டப்படியான கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். நான் அழைத்துவிட்டேன்.