சுங்கை சிப்புட்டில் டைம்ஷேர் கூட்டம்: மீகூன் பரவாயில்லை, பேக்கேஜ் வேண்டாம்

பேரங்காடி வாசலில் அதிர்ஷ்டக் கூப்பன் என்று சொல்லிப் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்கிறார்களே, அந்த டைம்ஷேர் கும்பல்தான்: மொத்தமாக ஒரு தொகை கட்டினால் வருஷா வருஷம் சில நாள் ஓட்டலில் தங்கும் உரிமை என்று விற்பவர்கள். அப்புறம் போன் வரும்: "வாழ்த்துகள் அண்ணே, லங்காவியில மூணு நாள் ரெண்டு ராத்திரி இலவசம், அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க, தொண்ணூறு நிமிஷம்தான்." ஜோடியாகத்தான் வர வேண்டும், அதில் கண்டிப்பு. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று யாரும் நழுவிவிடக் கூடாதே!

கடைவீட்டு மாடியில் ஹால். ஏர்கான், தே ஓ, மீகூன் கோரேங் எல்லாம் உண்டு. எங்கள் மேசைக்கு வந்த தம்பி எந்தத் தோட்டம், பிள்ளைகள் எங்கே வேலை, இபிஎஃப் சேமநிதி எடுத்தாச்சா என்று அன்பாக விசாரித்தான். கடைசிக் கேள்விக்காகத்தான் மற்றதெல்லாம். 55 வயதில் மொத்தமாகப் பணம் கைக்கு வரும் ஆட்கள் உள்ள ஊர் என்று தெரிந்தேதான் வந்திருக்கிறார்கள்.

விலை 28,000 வெள்ளி. வேண்டாம் என்றதும் மேனேஜர் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார், 19,800 ஆனது. அதற்கும் தலையாட்டவில்லை, 12,500, இன்றைக்கு மட்டும். பக்கத்து மேசையில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள் போல, மணி அடித்து எல்லாரையும் கைதட்டச் சொன்னார்கள். தம்பி கணக்கையெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில், எனக்கு நேராகத் தெரிகிற மாதிரி தலைகீழாகவே எழுதிக் காட்டினான், கெட்டிக்காரப் பையன். அந்தத் தாளைக் கொடு, வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மடித்துத் தன் பைலுக்குள் வைத்துக்கொண்டான்.

பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று நானாகக் கேட்ட பிறகுதான் வாயே திறந்தது: வருஷம் 700 வெள்ளி, போனாலும் போகாவிட்டாலும், 30 வருஷத்துக்கு, இடையில் ஏற்றவும் செய்வார்களாம். ஏற்றாமலே 21,000 வருகிறது, கடைசியாகச் சொன்ன விலையைவிட அதிகம். கேமரன்மலையில் நானே ரூம் பிடித்தால் ஒரு ராத்திரிக்கு இருநூறு வெள்ளிக்குள் முடிகிறது, அந்த 700-லேயே மூன்று ராத்திரி தங்கிவிட்டு மீதிக்குக் காய்கறியும் வாங்கி வரலாம். தீபாவளிக்கு இடம் கிடைக்குமா என்றால் "முன்னாடியே புக் பண்ணணும் அண்ணே" என்பதற்கு மேல் பதில் இல்லை. எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு இருக்கிறது என்று சான்றிதழைக் காட்டினார்கள். டைம்ஷேர் நடத்த அந்தப் பதிவு வேண்டியதுதான், ஆனால் விலை நியாயம் என்று எஸ்எஸ்எம் யாருக்கும் சொல்வதில்லை.

இலவச வவுச்சர்? வாரநாள் மட்டும், வரியும் பசியாறலும் நம் செலவு, 150 வெள்ளி முன்பணம், பெர்ரி டிக்கெட் தனி.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் ஒப்பந்தத்தைத் திருப்பிப் பாருங்கள். நான் பார்த்த படிவத்தில் 10 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது, தம்பி அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. போனில் சொல்லாதீர்கள், கடிதமாக எழுதி ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பி வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டியதில்லை.