கும்பகோணத்தில் புது டீச்சர்களுக்கு ஒரு வழிகாட்டிக் குழு: ஒரு வருஷம் போய்வந்தவள் சொல்கிறேன்

சனிக்கிழமைக் கூட்டத்துக்காக மட்டும் என்றால் போகாதீர்கள். வகுப்புக்கே வந்து உட்கார்ந்து பார்ப்பீர்களா என்று கேளுங்கள். வருகிறோம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடுங்கள்.

நான் டவுனுக்குள் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வைப் பாஸ் செய்தும், அது போதாது, தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை 149 வந்துவிட்டதால் அதற்கும் படித்து, 2024 ஜூலையில் எழுதி, அப்புறமும் ஒரு வருஷம் காத்திருந்து ஆணை வாங்கியவள். அதற்கு முன்னால் பத்து வருஷம் போல இடைநிலை ஆசிரியர்களை, அதாவது என்னைப் போலச் சின்ன வகுப்பு எடுப்பவர்களை, நேரடியாக எடுக்கவே இல்லை. விளைவு, எங்கள் ஸ்டாஃப் ரூமில் என்னை விட்டால் அடுத்த இளையவருக்கே வயது 46. எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனாலும் 'கிளாஸ் கைக்குள்ளேயே நிற்க மாட்டேங்குது' என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் சிலர் சேர்ந்து புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிறார்கள் என்று கூடப் படித்த தோழி சொல்லித்தான் போனேன். குழுவின் பெயரைப் போடவில்லை. கீழே ஒரு குறை சொல்லப்போகிறேன், ஊர் சின்னது.

மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூட்டம். ஐம்பது ரூபாய், அதற்குள் பொங்கல், வடை, காபி. முகூர்த்த நாளாக இருந்தால் கீழே நாதஸ்வரம், மேலே கற்றல் விளைவுகள். பேசுகிறவர்கள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது பிள்ளைகள் இருந்த கிராமத்துப் பள்ளிகளில் காலம் தள்ளியவர்கள். 'சாயந்தரம் தெருவுல ஒரு நடை நடந்தா எல்லாப் பெற்றோரையும் பார்த்துடலாம்மா' என்கிறார்கள். என் பிள்ளைகளின் அப்பா பாத்திரக் கடையில், அம்மா ஜவுளிக் கடையில், இரண்டு பேரும் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை. வாடகை வீடு மாறிப் பொங்கலுக்கு அப்புறம் மூன்று பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனார்கள். வட மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், தமிழ் காதில் ஏறிவிட்டது, வாய்க்கு இன்னும் வரவில்லை. டவுன் பள்ளியின் இந்த மாதிரிச் சங்கதிகளுக்குக் கூட்டத்தில் பதில் கிடைக்காது. வாட்ஸப் குழு வேறு இருக்கிறது, காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் சுற்றறிக்கையைத் தேட வேண்டும்.

சரி, வகுப்புக்கு வந்த கதைக்கு வருகிறேன். எனக்கு ஒதுக்கப்பட்டவர் அறுபத்தைந்து தாண்டிய ஒரு டீச்சர். ஹெச்.எம்.மிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு புதன்கிழமை காலைச் சிற்றுண்டி முடிந்த கையோடு வந்து, கடைசியில் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. கல்வித் துறையின் வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநரும் வருவார், ஆனால் பாவம், ஆப்பில் நிரப்ப வேண்டியதை நிரப்பவே அவருக்கு நேரம் சரியாகிவிடும். இவர் கையில் ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் மட்டும்.

பெல் அடித்ததும் நோட்டைக் காட்டினார். வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கட்டம் போட்டு, நான் ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்டபோதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். வாசல் பக்கம் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சுவர்ப் பக்கம் ஒன்பது கட்டம் வெறுமை. ஓரத்தில் தனியாக 'சத்தம் போடாதீங்க - 31' என்று எழுதியிருந்தார்.

'நீ சொல்ற சத்தம்தாம்மா அதிகமா இருக்கு' என்றார். அவ்வளவுதான், அறிவுரை எதுவும் இல்லை.

சுவர்ப் பக்கத்து ஒன்பது பேரில் ஒரு பெண்ணை நான் அரும்பு நிலையில் போட்டு வைத்திருந்தேன். எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துத்தான் நடத்துகிறோம், அரும்புதான் அடிப்படி. வாயே திறக்காத பிள்ளை, வேறென்ன செய்வது என்று போட்டதுதான். மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்து முடித்துவிட்டாள், 'ழ' வந்த இடமெல்லாம் 'ள' ஆனது தவிர. அது என் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் சேர்ந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது டிசம்பரில்தான் தெரிகிறது.

அந்த டீச்சர் மொத்தம் நான்கு தடவை வந்தார். பஸ் காசு கொடுத்தால் வாங்க மாட்டார்.

இப்போது அந்தக் குறை. ஒரு கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, பெரியவர் ஒருவர் எப்படிம்மா போகுது என்று கேட்க, ஸ்டாஃப் ரூமில் யாரோடும் ஒட்ட முடியவில்லை, டீ குடிக்கக்கூடத் தனியாகத்தான் போகிறேன் என்று மனசு விட்டுச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போனால் ஹெச்.எம். கேட்கிறார்: 'என்னம்மா, எங்களோட டீ குடிக்கிறது கஷ்டமா இருக்காமே?' பெரியவரும் அவரும் பழைய சிநேகிதர்களாம். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், நம்ம பொண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கோ என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு அடுத்த இரண்டு மாதம் அந்தக் கூட்டத்துப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. குழுவில் சொன்னேன், வருத்தப்பட்டார்கள். ஆனால் 'இங்கே பேசியது இங்கேயே' என்று ஒரு விதி போடுங்கள் என்றதற்கு, நம்ம எல்லாரும் ஒரே குடும்பம்தானே என்று சிரித்துவிட்டார்கள். அதுதானே பிரச்சினையே. சேருகிறவர்கள் வகுப்புக் கஷ்டத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள், மனுஷர்களைப் பற்றிய கஷ்டத்தை உங்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காலை பத்து மணிக் கூட்டம் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒத்துவராது. புதிதாக வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம், மேடையில் அநேகமாக ஆண்கள்.

மார்க் போடச் சொன்னால் கூட்டத்துக்கு ஐந்துக்கு இரண்டு, அதில் ஒன்று பொங்கலுக்கு. வகுப்பு வருகைக்கு ஐந்துக்கு ஐந்து. இந்த வருஷமும் அந்த டீச்சரையே கேட்டிருக்கிறேன். ஐப்பசி மழையில் முட்டி வலிக்கும், தீபாவளி கழிந்து வெயில் கண்டதும் வருகிறேன், அதற்குள் நீயே ஒரு தடவை கட்டம் போட்டு வை என்று சொல்லியிருக்கிறார்.