கீழக்கரைக் கடற்காற்றில் கரி அடுப்பு: எந்தக் கரி, எப்படிப் பார்த்து வாங்குவது

கீழக்கரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும், லீவு நாட்களில் கடற்கரையிலும் பல வருஷமாகக் கரியில்தான் மீனும் கோழியும் சுடுகிறோம். கொட்டாங்குச்சிக் கரி, சவுக்குக் கரி, பெட்டியில் வரும் அச்சுக் கரி எல்லாமே வாங்கிப் புழங்கிவிட்டோம். கடைசியில் நிலைத்தது நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சீமைக்கருவேலங்கரி. அதிலும் சாக்குக்குச் சாக்கு வித்தியாசம் உண்டு. ஒரே மரம், ஒரே கடை, ஒரே விலை. ஒரு சாக்கு அலுங்காமல் தணலாக நிற்கும், அடுத்தது புகைந்தே பொழுதைக் கழிக்கும். மரத்தின் பெயரைக் கேட்டுக் கரி வாங்குகிறவர்கள் நிறைய. நான் பார்த்தவரை, மூட்டத்தில் அது எவ்வளவு வெந்தது என்பதுதான் முதல் கேள்வி, மரம் அதற்குப் பிறகு.

முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குக் கரிமூட்டம் புதிதல்ல. காட்டுக்குள் அங்கங்கே மண்மேடு, அதன் மேல் புகை. வெட்டிய சீமைக்கருவேலைக் கட்டை கட்டையாக நெருக்கி அடுக்கி, இலைதழை வைக்கோல் போட்டு, மேலே ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து, காற்றுக்குச் சின்னச் சின்னத் துளை மட்டும் விட்டு நாள்கணக்கில் வேகவைப்பார்கள். முதலில் வருவது வெள்ளைப் புகை, அது விறகில் இருந்த தண்ணீர். சூடு 270 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்ததும் மரம் தானாகவே சிதைந்து வெப்பத்தை வெளியே விடும். அப்போது வரும் புகை கண்ணைக் கரிக்கும், அதில்தான் தார் எல்லாம் வெளியேறுகிறது. சூடு 400, 500 டிகிரி வரை ஏறி, புகை மெலிந்து நீலமாகிக் கிட்டத்தட்ட நின்றுபோகும் கட்டத்தில் துளைகளை எல்லாம் அடைத்து ஆறவிட வேண்டும்.

சமையலுக்கு நல்லது கெட்டது பிரிவது இந்த இடத்தில்தான். பழைய முறை மண்மூட்டத்தில் ஒரு டன் கரி எடுக்க 5 டன் அளவுக்கு விறகு போகும். முழுக்க வேகவிட்டால் எடை இன்னும் குறையும். கொஞ்சம் முன்கூட்டியே அடைத்துவிட்டால் எடை நிற்கும், ஆனால் தார் உள்ளேயே தங்கிவிடும். அந்தத் தாரை நம் அடுப்பில் வைத்து எரிக்கிறோம், அது மீன் மேல் படிகிறது. நன்றாக வெந்த கரியில் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சுத்தக் கரிமம் இருக்கும் என்பது கணக்கு. அதை நம்மால் அளக்க முடியாது, ஆனால் கண்ணும் காதும் கையும் போதும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது கடலாடிப் பக்கம் மூட்டம் போடுகிற ஒரு அண்ணன். "மேலாப்புல மட்டும் பாத்து வாங்காதீக பாய், சாக்கைச் சரிச்சுக் கொட்டச் சொல்லுங்க" என்றார். கொட்டியதில் இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். மண்பானைச் சில்லைத் தட்டினாற்போல் கிண்ணென்று கேட்டது. இன்னொரு துண்டை எடுத்துத் தட்டினால் சத்தமே இல்லை, விறகைத் தட்டினது மாதிரி மொத்தென்று இருந்தது. அதை உடைத்துக் காட்டினார். வெளியே கறுப்பு, நடுவில் பழுப்பு. "இது கொள்ளி. இது கரி இல்ல." நல்ல துண்டை உடைத்தால் உடைந்த முகம் பளபளவென்று இருக்கும், மரத்தின் வளையமும் வெடிப்பும் தெளிவாகத் தெரியும். விரலில் ஒட்டும் கரி குறைவாகத்தான் இருக்கும். எடையைக் கையில் ஏந்திப் பார்த்தால், அளவுக்கு மீறிக் கனத்தால் ஈரம் அல்லது கொள்ளி, இரண்டில் ஒன்று.

ஈரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கரி காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுக்கும், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் கடை வாசலில் நின்ற சாக்கை நான் வாங்குவதில்லை. சாக்கின் அடிப்பக்கம் கையை வைத்தால் ஜில்லென்று இருக்கும், அதிலேயே தெரிந்துவிடும். எடைக்காகத் தண்ணீர் தெளித்த சாக்கும் கண்ணில் பட்டிருக்கிறது. தண்ணீர் உலர்ந்துவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். உலரும்தான், ஆனால் நாம் தண்ணீருக்குக் கரி விலை கொடுத்திருப்போம். மூட்டத்து மண் ஒட்டிய துண்டுகளையும் தட்டிவிட்டே எடுக்க வேண்டும். மண் எரியாது, சாம்பலோடு அடுப்பின் அடியில் சேர்ந்து காற்றோட்டத்தை அடைக்கும்.

சீமைக்கருவேலங்கரியில் தூர்க்கரி, உருட்டுக்கரி, குச்சிக்கரி என்று அளவு பார்த்துப் பிரிப்பார்கள். தூரும் உருட்டும் பற்றுவதற்கு நேரம் எடுக்கும், பற்றினால் நின்று எரியும். முழு விளமீன், பாறைமீன், தொடைக்கறி இதற்கெல்லாம் உருட்டுதான் சரி. சூடைமீன், கணவாய், இறால் போல இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிகிற சரக்குக்குக் குச்சிக்கரி போதும். தூர்க்கட்டையை விதவிதமான உருவத்தில் வெட்டியிருப்பதால் அடுக்கும்போது இடைவெளி விழும், அது காற்றுப் போக நல்லது. நான் உருட்டை அடியிலும் குச்சியை மேலுமாகக் கலந்து போடுகிறேன்.

இந்த மரத்தின் மேல் நமக்கு இருக்கும் கோபம் நியாயமானது. அமெரிக்கக் கண்டத்துச் செடி, 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்தது, இன்று கண்மாய்க்குள்ளும் வயலுக்குள்ளும் நிற்கிறது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டபோது ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனால் கரி என்று வரும்போது அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். டெக்சாஸ்காரர்கள் பெருமையாகக் கறி சுடும் மெஸ்கீட் மரமும் இதுவும் ஒரே பேரினம். அடர்த்தியான கட்டை, சூடு அதிகம், தணல் நிற்கும். நம் ஊர்க் காட்டில் வெயிலில் நின்று முள்ளில் கை கிழிந்து வேலை செய்கிறவர்கள் எடுத்த கரி அது. வெட்டினாலும் மறுபடி தூரிலிருந்து துளிர்க்கிற மரம் என்பதால், கரிக்காக வெட்டுவதில் எனக்கு உறுத்தலும் இல்லை.

அதன் குறை, பொரிவது. பட்டை ஒட்டிய துண்டும் ஈரத் துண்டும் படபடவென்று வெடித்துப் பொறி பறக்கும். பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நிற்கிற வீட்டில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. பட்டையை உரித்து, காலை வெயிலில் ஒரு நேரம் காயவைத்தால் முக்கால்வாசி அடங்கிவிடும்.

கொட்டாங்குச்சிக் கரி பெரியபட்டினம், உச்சிப்புளிப் பக்கத் தென்னந்தோப்புகளின் புண்ணியத்தில் நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. புகை குறைவு, சூடு நல்ல உக்கிரம், வாடை இல்லை. ஆனால் ஓடு மெல்லியது. கடற்காற்றில் அது எரிகிற வேகத்துக்கு நாம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கணவாய்க்கு இதைவிட நல்ல கரி இல்லை, கோழிக்கு வேண்டாம். சவுக்குக் கரி கிடைத்தால் யோசிக்காமல் வாங்குவேன், கிடைப்பதுதான் அபூர்வம்.

அச்சுக் கரியைச் சவூதியிலிருந்து லீவுக்கு வரும் மச்சான் விடாமல் புகழ்வார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எல்லாத் துண்டும் ஒரே அளவு, சூடு ஒரே சீராக நெடுநேரம் வரும், பொறி பறக்காது. மூடி போட்ட அடுப்பில் அது அருமை. ஆனால் அது கரித்தூளை மாவுப் பசை சேர்த்து அழுத்திச் செய்தது, சாம்பல் அதிகம். நம் அடுப்போ திறந்த அடுப்பு, காற்றோ கீழக்கரைக் காற்று. வைகாசி ஆனியில் கச்சான் என்கிற மேல்காற்றும் சோழகம் என்கிற தென்காற்றும் வீசும்போது அந்தச் சாம்பல் நேராக மீன் மேல் ஏறுகிறது, மசாலாவில் ஒட்டிக்கொள்கிறது. சீக்கிரம் பற்றுவதற்கு மருந்து கலந்த வகை இன்னும் மோசம். முழுக்க வெளுக்கும்வரை வாடை போகாது. பழைய வல்லத்துப் (படகு) பலகை, பெயின்ட் அடித்த கட்டை, கடலில் மிதந்து ஒதுங்கிய உப்பேறிய மரம் இவற்றை அடுப்பில் போடவே கூடாது. அதிலிருந்து வரும் புகை நச்சு.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் எழுதப்படும் அளவுகள் நமக்குப் பொருந்துவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் கரைக்கு வரும், அளவு கம்மியானாலும் பச்சை மீன், சுடுவதற்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது. ஆனால் அதே நாட்களில்தான் காற்றும் ஏறுகிறது. காற்று கூடினால் கரி சூடாக எரியும், சீக்கிரம் தீரும், மீனின் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் நிற்கும். அடுப்பைக் கைப்பிடிச் சுவரின் மறைவிலோ, கரையில் ஏற்றிய வல்லத்தின் மறைவிலோ ஒரு முழம் தள்ளி வைத்தாலே கரிச் செலவில் பெரிய வித்தியாசம் தெரியும். கரித் துண்டும் பெரிதாக இருக்கட்டும்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றுவதை எங்கள் வீட்டில் அறவே விட்டாயிற்று. காய்ந்த பனை ஓலை, பன்னாடை, தேங்காய் நார் இவை போதும். பழைய எண்ணெய் டின்னின் இரண்டு பக்கமும் வெட்டி, அடியில் ஓட்டை போட்டுக் கம்பி கோத்து, கீழே ஓலையும் மேலே கரியுமாக நிறுத்தினால் 15, 20 நிமிஷத்தில் கரி முழுக்கப் பற்றிவிடும். துண்டுகளின் மேல் சாம்பல் பூத்து, சந்தில் சிவப்பு தெரிந்தபிறகே அடுப்பின் கம்பி வலையில் மீனை வைக்க வேண்டும். அதற்குமுன் வைத்தால் என்ன கரியாக இருந்தாலும் புகை வாடைதான் வரும். வலை உயரத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பேன். மூன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டால் கணவாய்ச் சூடு, ஐந்தாறு வரை தாங்கினால் விளமீன் சூடு.

விளமீனை ஒரு கிலோவுக்குள் பார்த்து வாங்கி, இரண்டு பக்கமும் எலும்பு தட்டும்வரை கீறி, மிளகு, சீரகம், பூண்டு, உப்பு, எலுமிச்சை அரைத்துத் தடவுகிறோம். எண்ணெயை மீனில் கொட்டுவதில்லை, வலையில் துணியால் தேய்ப்பதோடு சரி, ஏனென்றால் தணலில் சொட்டும் ஒவ்வொரு துளியும் கரும்புகையாகத் திரும்பி மேலே வரும். வைத்த மீனை உடனே புரட்டக் கூடாது. தோல் சுருங்கி, கீறல் வாய் விரிந்து, உள்ளே சதை வெள்ளையாகத் தெரியும்போது தோல் தானாகவே வலையை விட்டுவிடும். கொள்ளிக் கரியில் சுட்ட மீனின் தோலில் விரலை வைத்தால் பிசுக்கென்று ஒட்டும், நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். வெந்த கரியில் சுட்டதில் அந்தப் பிசுக்கு இருக்காது. லாத்தா (அக்கா) வீட்டுப் பிள்ளைகள் தோலோடு தின்கிறார்கள்.

கரியைச் சேர்த்து வைப்பதற்கு மூடியுள்ள தகர டிரம் சிறந்தது. மூட்டத்திலிருந்து அன்றைக்கே பிரித்த கரியானால் ஒரு நாள் முழுக்க வெளியில் ஆறவிட்டு அப்புறம் டிரம்மில் போடுங்கள். புதுக்கரி காற்றை இழுத்துத் தானே சூடேறும், தீப்பிடித்ததும் உண்டு. மழை வந்துவிட்டதென்று எரியும் அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, உயிரை எடுத்துவிடும். எதிரே தெரியும் அப்பா தீவில் போய்ச் சுடலாம் என்று திட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று, வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது, தீ மூட்டும் பேச்சே வேண்டாம்.

கடற்கரையில் சுட்டு முடித்ததும் தணலை மணலில் புதைத்துவிட்டு வருகிற பழக்கத்தை விட வேண்டும். மணலுக்குள் அது மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், மேலே ஒன்றுமே தெரியாது, வெறுங்காலோடு வலை இழுக்க வருகிறவர்கள்தான் மிதிப்பார்கள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையில் தொட்டுப் பார்த்து அள்ளிக்கொண்டு வாருங்கள். வீட்டிலானால் தண்ணீர் வேண்டாம், மிச்சத் தணலை மூடி இறுக்கமான டின்னில் போட்டு அடைத்தால் அணைந்துவிடும். அப்படி அணைத்த கரி புதுக்கரியைவிடச் சீக்கிரம் பற்றும், அடுத்த முறை பற்றவைக்கிற டின்னின் அடியில் ஓலைக்கு மேலே முதலில் அதைப் போடுங்கள்.