மைக்ரோஃபிலிமா, ஸ்கேனா?

பழைய அச்சு நூல்களைக் காக்க முனையும் பல்கலைக்கழக நூலகங்கள் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகின்றன: பக்கங்களை மைக்ரோஃபிலிமில், அதாவது ஃபிலிம் சுருளில் மிகச் சிறிய படங்களாக எடுத்து வைப்பதா, ஸ்கேன் செய்து கணினிக் கோப்பாக வைப்பதா? கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் நூலகம் உருவானபோது, தொடக்கத்தில் கைகொடுத்தது மைக்ரோஃபிலிம்தான்.

ஆயுள்
ஃபிலிம்: பாலியெஸ்டரில் வெள்ளிப் படலம் பூசியது, குளிர்ந்த உலர்ந்த அறையில் 500 ஆண்டுகள் தாங்கும் என்பது கணிப்பு. பழைய அசிடேட் சுருளை நம்பாதீர்கள். வினிகர் நெடி வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது.
ஸ்கேன்: கோப்பு தானாகப் பிழைக்காது. அவ்வப்போது புது வட்டுக்கு மாற்றி, பிழை சரிபார்த்து, வேறு ஊரிலும் ஒரு படி வைக்க வேண்டும்.

செலவு
ஃபிலிம்: பெரும்பகுதி தொடக்கத்திலேயே முடிந்துவிடும், பிறகு குளிரூட்டல்.
ஸ்கேன்: ஆண்டுதோறும் தொடரும். நிதி ஒதுக்குபவர்கள் இதை மறப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

வாசிப்பு
ஃபிலிம்: தனிக் கருவி வேண்டும், வண்ணம் பெரும்பாலும் கிடைக்காது.
ஸ்கேன்: யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் அன்றே படிக்கலாம்.

அமிலக் காகிதத்தில் நொறுங்கும் நாளிதழ்களுக்கும், பராமரிப்பு நிதி உறுதியில்லாத நூலகத்துக்கும் ஃபிலிம். ஓலைச்சுவடி, வண்ணப் படங்கள், ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் நூல்கள் ஆகியவற்றுக்கு ஸ்கேன். வேறெங்கும் படியில்லாத நூலென்றால் இரண்டையும் செய்யுங்கள்.